தலை குனிந்தால் முளைக்கும் கல்

முள் உண்டு, செடி கிடையாது. மயில் உண்டு, அகவாது. தோளில் ஏறி உட்கார்ந்து ஊரையே கீழே பார்க்கும், ஆனால் அதற்குக் கண் கிடையாது. அது என்ன? அவசரப்படாமல் யோசியுங்கள். ஊக்கு என்று சொன்னவர்கள் பக்கத்தில் வந்துவிட்டார்கள், ஆனால் ஊக்கு தன் வேலையைச் செய்துவிட்டு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், அது யாரையும் கீழே பார்ப்பதில்லை. பதக்கம் என்று சொன்னவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள், ஏனென்றால் பதக்கம் வாங்க ஓடவாவது வேண்டும், குதிக்கவாவது வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம், குத்திக்கொண்டு நின்றால் போதும். விடை புரூச். சேலையின் முந்தானை மடிப்பு தோளிலிருந்து நழுவாமல் இருக்கக் குத்துகிற அலங்கார ஊசி. இனி கதையைச் சொல்லலாம்.

பனங்காவிளை என்ற ஊரில் மாதர் சங்கம் ஒன்று இருந்தது. அதில் பத்தொன்பது பேர் இருந்தார்கள், பத்தொன்பது பேரிடமும் புரூச் இருந்தது, புரூச் இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தலைவி கனகஜோதி டீச்சர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், ஓய்வுக்குப் பிறகும் ஊரை வகுப்பறையாகவே வைத்திருந்தவர். பட்டுக்கு மயில், பருத்திக்கு இலை, துக்க வீட்டுக்கு ஒற்றை முத்து, நாற்பது வயதுக்கு மேல் வண்ணத்துப்பூச்சி கூடாது என்பதெல்லாம் அவர் போட்ட விதிகள். நாற்பத்தொரு வயதில் வண்ணத்துப்பூச்சி குத்திவந்த ஒருத்தியை ஒரு மழைக்காலம் முழுவதும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சங்கம் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடியது. கூடி என்ன செய்தது என்று கேட்பீர்கள். கூடியது. அதற்கு மேல் எதுவும் செய்ய அதற்கு நேரம் இருக்கவில்லை.

சங்கக் கட்டடத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறையில் ஜெபக்கனி என்பவளும் அவளுடைய ஒன்பது வயது மகள் பெனினாவும் குடியிருந்தார்கள். ஜெபக்கனியின் கணவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே கரைந்துபோனவன். அறைக்கு வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக அவள் பத்தொன்பது பேரின் சேலைகளையும் கஞ்சி போட்டு, தேய்த்து, மடிப்பு எடுத்து, விசேஷ நாட்களில் அவர்களுக்கே உடுத்தியும் விட்டாள். புரூச்சைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அதைக் குத்திக்கொண்டவர்களுக்குத் தெரியாது. வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்கக் கூடாது, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும், ஊசி நேராக இருக்கிறதா, கீல் ஆடுகிறதா, கொக்கி கவ்வுகிறதா என்று விரலால் தடவ வேண்டும். குத்தும்போது ஒரே மடிப்பில் குத்தினால் பட்டு கிழியும், எல்லா மடிப்பையும் சேர்த்து, ஜாக்கெட்டையும் பிடித்து, உள்ளே ஒரு சின்னத் துணித்துண்டு வைத்துக் குத்த வேண்டும். செண்டு அடித்துக்கொண்ட பிறகுதான் புரூச், புரூச்சுக்குப் பிறகு செண்டு கூடாது, முலாம் கறுத்துவிடும். கழற்றியதும் மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் வைக்க வேண்டும், ஒன்றோடொன்று சேர்த்துவைத்தால் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். சங்கத்துப் பெண்களையும் அப்படித் தனித்தனியாகப் பஞ்சில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐடா என்பவள் சங்கத்தின் செயலாளர். அவளுடைய மகளின் கல்யாணத்தன்று காலையில் அது நடந்தது. கனகஜோதி டீச்சர் அரக்குப் பட்டு உடுத்தி, மயில் புரூச் குத்திக்கொண்டு நின்றார். மயிலின் தோகையில் ஒன்பது குழிகள், எட்டில் கல் இருந்தது, ஒன்று பல் விழுந்த இடம் போல வெறுமையாக இருந்தது. ஜெபக்கனி அவருடைய காலடியில் முட்டி போட்டு, உதட்டில் இரண்டு ஊக்குகளைக் கவ்வியபடி, குனிந்து, கொசுவத்தின் அடிவிளிம்பை ஒரே மட்டமாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய தோளில் இருந்த ஊக்கு துருப்பிடித்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்க, கண் பாதி மூட, பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் பழகிய அந்தப் பார்வையைப் பார்த்தார். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, வெற்றுக் குழியில் ஒரு சிவப்புக் கல் முளைத்தது.

"டீச்சர், ஒங்க மயிலுக்குக் கல்லு முளைச்சிருக்கு" என்றாள் ஐடா.

"எப்படியும் முளைக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர். "நல்ல சாமான்லா."

"எனக்க புரூச்சு மட்டும் மோசமா? சிங்கப்பூர் சாமானாக்கும்."

"சிங்கப்பூர்ல பிளாஸ்டிக்கும் விக்கான் ஐடா."

அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. கல் ஏன் முளைத்தது, எங்கிருந்து வந்தது என்று பனங்காவிளையில் ஒருவரும் கேட்கவில்லை. இன்னொன்று எப்படி முளைக்கவைப்பது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த வாரத்துக்குள் முறை தெரிந்துபோனது. புரூச் குத்திக்கொண்டு ஒருத்தியை இளக்காரமாகப் பார்த்தால் கல் முளைக்கும். பார்க்கப்பட்டவள் தலை குனிந்தால் அந்தக் கல் ஒட்டும். குனியாவிட்டால் சற்று நேரத்தில் கழன்று விழும், விழுந்து உப்புக்கட்டியாகிவிடும். சங்கத்துப் பெண்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துப் பழகினார்கள். இதற்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, நெடுநாளாகச் செய்துவந்ததுதான். பத்தொன்பது பேரும் பத்தொன்பது பேரையும் பார்த்தார்கள், கூடம் முழுவதும் கடுகு வெடித்தது, ஆனால் ஒருத்தியும் தலை குனியவில்லை, பொழுது சாய்வதற்குள் கூடத்தின் தரையில் உப்பு கொட்டிக் கிடந்தது, அதை ஜெபக்கனி பெருக்கி அள்ளினாள். பெருக்கும்போது குனிந்திருந்தாள். அதைப் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

அவள் குனிந்தது வெட்கத்தால் அல்ல. பெருக்குகிறவள் குனிவாள், கொசுவம் வைக்கிறவள் குனிவாள், ஊசியில் நூல் கோர்க்கிறவள் குனிவாள். வேலை கீழே கிடக்கும்போது கண்ணும் கீழேதான் இருக்கும். ஆனால் வேலை செய்கிற தலைக்கும் வெட்கப்படுகிற தலைக்கும் உள்ள வித்தியாசம் புரூச்சுக்குத் தெரியவில்லை, பனங்காவிளை மாதர் சங்கத்துக்கும் தெரியவில்லை. பித்தளையை மன்னித்துவிடலாம்.

சங்கம் முதல்முறையாக ஒரு தீர்மானம் போட்டது. இரண்டாம் சனிக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் ஆறு மணிவரை ஜெபக்கனி கூடத்தின் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும், மடியில் ஏதாவது கைவேலை வைத்துக்கொள்ளலாம், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், இதற்கு ஈடாக அவளும் மகளும் அந்த அறையிலேயே தொடர்ந்து இருக்கலாம்.

"சும்மா உக்காந்திருக்க வேலைதானட்டி" என்றாள் ஐடா. "ஒனக்கென்ன நோகப் போவுது?"

"நோவாது அக்கா" என்றாள் ஜெபக்கனி. போக அவளுக்கு வேறு இடம் இல்லை.

அதன்பிறகு புரூச்சுகள் வளர்ந்தன. குழிகள் நிறைந்த பிறகு கல்லின்மேல் கல் முளைத்தது, மயில் கோழியளவு ஆனது, இலை வெற்றிலையளவு ஆனது, அன்னப்பறவை ஒன்று கழுத்தை நீட்டி உரியவளின் காதை உரசிக்கொண்டு நின்றது. தையல்காரர் ஜாக்கெட்டின் இடது தோளில் இரண்டு மடங்கு கேன்வாஸ் வைத்துத் தைத்தார். நகைக்கடைக்காரர் கல் பதிக்கிற வேலையை விட்டுவிட்டுக் கொக்கியைப் பலப்படுத்துகிற வேலையை எடுத்துக்கொண்டார். பத்தொன்பது பெண்களும் இடது பக்கம் சாய்ந்து நடந்தார்கள், அது பெரிய வீட்டு நடை என்று பெயர் வாங்கியது, புரூச் இல்லாத பெண்களும் சாய்ந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள், பிறகு அவர்களுடைய கணவர்களும் சாய்ந்தார்கள், போட்டோ ஸ்டூடியோக்காரர் கேமராவைச் சாய்த்துவைத்து எல்லோரையும் நேராக எடுத்தார். தோள்வலிக்குத் தைலம் எழுதிக்கொடுத்த டாக்டர், அன்று மாலையே தன் மனைவியைச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். ஒரு புத்திசாலி பனங்காவிளையில் இருந்திருந்தால் இதைக் கண்டு சிரித்திருப்பான். இருந்த புத்திசாலிகள் எல்லோரும் சாய்ந்தே நின்றார்கள்.

கூடத்தின் நடுவில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது, அதைப் பெனினா மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு கல் ஒட்டும்போதும் அம்மாவின் கழுத்து ஓர் எள்ளளவு வளைந்தது, வளைந்தது திரும்ப நிமிரவில்லை. முதலில் அவளுக்கு மேகம் தெரியாமல் போனது, பிறகு ஓட்டுக்கூரை தெரியாமல் போனது, பிறகு ஆட்களின் முகம் தெரியாமல் போனது. செருப்பை வைத்து ஆளைச் சொன்னாள். ஆறு மாதத்தில் முகவாய் நெஞ்சில் முட்டியது. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் பெனினா தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள், ஜெபக்கனி அவள்மேல் கவிந்து நிற்பாள், அப்போதுதான் இருவருக்கும் முகம் தெரியும்.

"பல்லு ஆடுதுன்னியே, விழுந்துட்டா மக்கா?"

"விழுந்துட்டு. முந்தாநாளே விழுந்துட்டு. ஒனக்குத் தெரியல."

"வாயத் தொற, பாப்போம்."

பெனினா வாயைத் திறந்து காட்டினாள்.

"ஒனக்க தலை எப்ப நிமிரும்?" என்று கேட்டாள்.

"நிமிந்து என்னத்தப் பாக்கப்போறேன்? வேலை எல்லாம் கீழதான் கெடக்கு" என்றாள் ஜெபக்கனி, ஆனால் அவளுடைய கண்ணீர் நேராகப் பெனினாவின் நெற்றியில் விழுந்தது.

முகவாய் நெஞ்சில் முட்டியதோடு ஒரு சிக்கல் வந்தது. ஏற்கெனவே முழுவதும் குனிந்துவிட்டவளால் புதிதாகக் குனிய முடியாதல்லவா? கல் முளைத்தது, ஒட்டவில்லை. கூடத்தில் மறுபடியும் உப்பு கொட்டியது. சங்கம் கவலையோடு கூடியது.

"பழசாயிட்டா" என்றார் கனகஜோதி டீச்சர், ஒரு துடைப்பத்தைப் பற்றிச் சொல்வதுபோல. "மக இருக்காள்லா? கழுத்து புதுசு. ரொம்ப நாளு வரும்."

"சின்னப் பிள்ளை டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"சின்னப் பிள்ளைய நான் பாக்காத பார்வையா?"

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை பெனினாவை முக்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுடைய மடியில் கைவேலை எதுவும் இல்லை. ஜெபக்கனி சுவரோரம் நின்று அவளுடைய பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முன்னால் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார். பெனினா அவரைப் பார்த்தாள். கோபமாக அல்ல, முறைத்தும் அல்ல. மணி என்ன என்று தெரிந்துகொள்ள சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி, என்ன இருக்கிறதோ அதைப் பார்த்தாள். மயிலில் ஒரு கல் முளைத்தது, விழுந்தது. அதன் பின்னாலேயே, பழைய கற்கள் மூன்று கழன்று விழுந்து உருண்டன, உருளும்போதே உப்பாயின. சுவரோரம் ஜெபக்கனியின் முகவாய் நெஞ்சைவிட்டு மூன்று எள்ளளவு மேலே வந்தது.

பத்தொன்பது பேரும் வரிசையாக வந்தார்கள், வந்தவர்கள் எல்லாம் உப்போடு திரும்பினார்கள். ஆறு மணி அடித்தபோது ஜெபக்கனி மகளின் முழங்காலைப் பார்த்தாள், பள்ளிக்கூட உடுப்பின் இடுப்புப் பட்டையைப் பார்த்தாள்.

"எம்மா, நான் ஒவ்வொரு சனிக்கெழமையும் உக்காருதேன்" என்றாள் பெனினா அன்று. இப்போது அவள் தரையில் படுக்க வேண்டியிருக்கவில்லை, முட்டி போட்டாலே போதுமாக இருந்தது. "பத்து சனிக்கெழமை. இல்லைன்னா இருவது. நீ நிமிந்திருவ."

"வேண்டாம் மக்கா" என்றாள் ஜெபக்கனி. "அந்தப் பார்வைய நீ வாங்காத."

"பாத்தா என்ன? நான் ஒண்ணும் குனியல்லியே."

அது உண்மைதான். ஆனால் பத்தொன்பது பேர் தன்னை ஒரு துருப்பிடித்த ஊக்கைப் பார்ப்பதுபோல இரண்டு மணி நேரம் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஒன்பது வயதில் அது எங்காவது தங்காமல் போகாது. அந்த மாதம் முழுவதும் பெனினா தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு சங்கத்துப் பெண்ணின் தோளையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். இரண்டுமுறை அவள் மூக்கின் பக்கங்கள் சுருங்கியதை மளிகைக் கடைக்காரர் பார்த்தார்.

உப்பு கொட்டியதில் சங்கம் பயந்துபோயிருந்தது. இப்படியே போனால் மயில் மறுபடியும் எட்டுக் கல்லுக்கு வந்துவிடும், பிறகு ஏழுக்கு, பிறகு வெறும் பித்தளைக்கு. அடுத்த கூட்டத்தில் முக்காலியின் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருந்தார்கள், தட்டில் நீல வெல்வெட், வெல்வெட்டில் ஐந்து புதுப் புரூச்சுகள்: ஒரு வாத்து, ஒரு ரோஜா, ஒரு மீன், ஒரு பிறை, ஒரு தேனீ. ஐந்தும் சின்னவை, ஐந்திலும் குழிகள் வெறுமையாக இருந்தன.

"இதுல ஒனக்கு எது பிடிச்சிருக்கோ எடுத்துக்க" என்றார் கனகஜோதி டீச்சர், பரிசளிப்பு விழாக் குரலில். "இன்னையிலேருந்து சங்கத்துல நீ இருவதாவது ஆளு. முக்காலில உக்கார வேண்டாம். அறையும் ஒங்களுக்குத்தான்."

"அப்ப முக்காலில யாரு உக்காருவா?" என்று கேட்டாள் பெனினா.

"அது ஒனக்கு எதுக்கு? பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு."

"எங்க அம்மா?"

"அம்மைக்கு என்ன? இருந்தபடி இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கொறவா?"

ஜெபக்கனி சுவரோரத்திலிருந்து பேசினாள். "எடுத்துக்க மக்கா. எனக்கு இது பழகிட்டு. நீ முக்காலில உக்காராம இருந்தா போதும். எடுத்துக்க."

பெனினா தட்டின் முன்னால் போய் நின்றாள். ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, ஊசியைத் தடவி, கீலை ஆட்டி, கொக்கியைக் கவ்வவைத்துப் பார்த்தாள். வாத்தின் ஊசி வளைந்திருந்தது. ரோஜாவின் கீல் ஆடியது. மீனுக்கும் பிறைக்கும் கொக்கி தளர்வு. பத்தொன்பது பெரிய மனுஷிகள் சேர்ந்து ஐந்து புரூச் வாங்கி, அதில் நான்கைப் பின்பக்கம் பார்க்காமலே வாங்கியிருந்தார்கள். தேனீ மட்டும் சரியாக இருந்தது. அவள் அதை எடுத்தாள், உடுப்பின் தோளில் உள்ளே கைக்குட்டையை மடித்துவைத்து, நேராகக் குத்தினாள்.

கூடம் கைதட்டியது. "எங்க பிள்ளை பாத்தியா, எப்படி இருக்கா!" என்றாள் ஐடா.

பெனினா முக்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். இப்போது அவள் கனகஜோதி டீச்சரைவிட ஒரு சாண் உயரம். அங்கிருந்து, மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்க, கண் பாதி மூட, டீச்சரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நாற்பது வருடமாக அந்தப் பார்வையைக் கொடுத்தே பழகியவருக்கு அதை வாங்கிப் பழக்கமில்லை. சேலையில் எங்கோ மடிப்பு நழுவிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். சரிபார்க்கக் குனிந்தார்.

கடுகு வெடித்தது. தேனீயின் முதல் குழியில் ஒரு மஞ்சள் கல் முளைத்தது, அசையாமல் ஒட்டிக்கொண்டது. டீச்சரின் கழுத்து எள்ளளவு வளைந்தது, வளைந்தது நிமிரவில்லை.

பெனினா ஐடாவைப் பார்த்தாள். ஐடா தன் கொசுவத்தைப் பார்த்தாள். இரண்டாவது கல். அடுத்தவள் தன் செருப்பைப் பார்த்தாள். மூன்றாவது. அதற்கு அடுத்தவள், யாரும் பார்ப்பதற்கு முன்பே குனிந்துகொண்டாள், அப்படிக் குனிவதுதான் இனி மரியாதை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, அவளுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் தோன்றிவிட்டது. வயல்காற்றில் கதிர் சாய்வதுபோலக் கூடம் சாய்ந்தது என்று எழுதினால் அது கதிருக்கு அவமானம். ஒரு நாள்கூட யோசிக்காமல் நிமிர்ந்து நின்றவர்கள், ஒரு நொடிகூட யோசிக்காமல் குனிந்தார்கள். தேனீ நிறைந்து, கல்லின்மேல் கல் ஏறத் தொடங்கியது. பத்தொன்பது புரூச்சிலிருந்தும் ஒரு கல்கூட விழவில்லை.

"மக்கா" என்றாள் ஜெபக்கனி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முக்காலியும், அதன்மேல் நின்ற மகளின் பாதங்களும், சுற்றி நின்றவர்களின் கொசுவங்களும்தான். "அந்தச் சத்தம் யாருக்கது?"

"எனக்கது."

"நீ யாரப் பாக்க?"

"எல்லாரையும்."

ஜெபக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தாள். முகவாய் நெஞ்சுக்கு மேலே அன்று ஏறிய அளவிலேயே நின்றது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"கழத்திரு மக்கா" என்றாள். "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன், தப்பாச் சொல்லிட்டேன். அதக் கழத்தி வச்சிட்டு முக்காலில உக்காரு. போன தடவ பாத்தியே, அப்படிச் சும்மா பாரு. எனக்கு நிமிரும். ஒனக்க மொகத்தப் பாக்கணும் மக்கா, கழத்திரு."

பெனினா அம்மாவின் உச்சி வகிட்டைப் பார்த்தாள். பத்தொன்பது உச்சி வகிடுகளையும் பார்த்தாள். கையைத் தோளுக்குக் கொண்டுபோய் தேனீயின் பின்பக்கத்தைத் தடவி, கொக்கி கவ்வியிருக்கிறதா என்று பார்த்தாள். கவ்வியிருந்தது.

அவள் கழற்றவில்லை.